நான்கு இடைவெளியும் ஒரு தொண்டரும்

கணினிக்கு அழகுணர்ச்சி கிடையாது. ஒரு நிரலை மூச்சுவிடாமல் நெருக்கி எழுதினாலும், வரி பிரித்து, இடம் விட்டுப் படிப்பவர் கண்குளிர எழுதினாலும், பெரும்பாலான கணினி மொழிகளில் விடை ஒன்றாகத்தான் வரும். அப்படியிருந்தும், "உள்தள்ளலுக்கு நான்கு இடைவெளியா, எட்டா?", "அடைப்புக்குறி இந்த வரியிலா, அடுத்த வரியிலா?" என்று நிரல் எழுதுவோர் பல்லாண்டுகளாக வழக்காடி வருகின்றனர். இதைக் கேட்டு இலக்கியம் பயிலும் நண்பர்கள் நகைக்கக்கூடும். வல்லினம் மிகும் இடம், மிகா இடம் பற்றித் தமிழ்த்துறை வாயிலில் நடைபெறும் வழக்குகளை நாங்களும் அறிவோம் என்பதை அவர்களுக்குப் பணிவுடன் நினைவூட்டுகிறேன்.

நம் ஊர்த் தலபுராணத்தில் சங்கன், பதுமன் என்று இரு நாகர்கள் வருகின்றனர். ஒருவன் சிவனே பெரியவன் என்கிறான். மற்றவன் திருமாலே பெரியவன் என்கிறான். கோமதியம்மை தவமிருந்து, இறைவன் ஒருபாதி சங்கரனாகவும் மறுபாதி நாராயணனாகவும் காட்சியளித்த பின்னரே அந்த வழக்கு தீர்ந்தது. ஆடித்தபசுக்கு ஊரே திரண்டு நிற்பது அந்தக் காட்சிக்காகத்தான். நிரல் எழுதுவோருக்குள்ளும் சங்கன் கட்சியும் பதுமன் கட்சியும் உண்டு. வரியை உள்ளே தள்ள 'டேப்' விசையை அழுத்துவோர் ஒரு கட்சி; இடைவெளிப் பட்டையை நான்கு முறை தட்டுவோர் மறு கட்சி. ஆனால் இங்கே பாதிக்குப் பாதி என்ற சமரசம் செல்லாது. ஒரே கோப்பில் டேப்பையும் இடைவெளியையும் முன்பின் முரணாகக் கலந்து வைத்தால், பைத்தான் மொழியின் மூன்றாம் பதிப்பு நிரலை ஓட்டவே மறுத்துப் பிழை காட்டிவிடும். கோவிலில் பொருந்திய ஒப்பந்தம் கோப்பில் பொருந்தவில்லை!

ஆகவே ஏதாவதொரு நடை வேண்டும். அதை எல்லோரும் கைக்கொள்ள வேண்டும். இதில் எனக்குக் கருத்து வேறுபாடு இல்லை. என் கேள்வி வேறு. கூலி வாங்காமல், யாரும் கட்டாயப்படுத்தாமல், தாமே முன்வந்து நிரல் எழுதும் தொண்டர்களிடம் அந்த ஒழுங்கை எப்படிக் கொண்டுவருவது? (தொண்டர் என்றதும் நம் நாட்டில் கொடியும் சுவரொட்டியும் நினைவுக்கு வரும். நான் சொல்வது அவர்களையன்று.)

நிறுவனங்களுக்கு இது பெரிய சிக்கலன்று. நம் ஊர் விசைத்தறிக் கூடத்தில் நெசவு தப்பினால் சேலை திரும்பி வரும், கூலியிலும் பிடிப்பார்கள். தென்காசியை அடுத்த மத்தளம்பாறையில் சோஹோ நிறுவனத்தில் பணிபுரியும் நம் பகுதி இளைஞருக்கு, அங்குள்ள நடைவிதி எதுவாயினும், மாதச் சம்பளத்தோடு சேர்ந்தே வருகிறது. பிடிக்காவிட்டாலும் பின்பற்றுவார். தொண்டரிடம் இந்தப் பிடி இல்லை. அவருக்கு வருகைப்பதிவு கிடையாது. அவரை வேலையிலிருந்து நீக்கவும் முடியாது. நீங்கள் கடிந்துகொண்டால் அவர் மறுமொழி கூறமாட்டார், வராமல் இருந்துவிடுவார். அவ்வளவுதான்.

இத்தகைய தொண்டர்கள் உலகில் எதைச் சாதித்துவிட்டார்கள் என்று கேட்பவர்களுக்குச் சிலவற்றைச் சொல்லவேண்டும். 1991-இல் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ், முதலில் ஆர்வலர்களின் படைப்பாகவே வளர்ந்தது. இன்று அதில் எழுதுவோரில் பெரும்பாலோருக்கு ஏதேனும் ஒரு நிறுவனம் சம்பளம் தருகிறது என்பது உண்மையே. ஆனால் வாசல் இன்னும் எல்லோருக்கும் திறந்திருக்கிறது. தமிழில் பார்த்தால், 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் நம் பழைய நூல்களைத் தட்டச்சு செய்து இணையத்தில் ஏற்றியது. 2003-இல் தமிழ் விக்கிப்பீடியா எழுந்தது. 2005-இல் ஈழத்து நூல்களைக் காக்க 'நூலகம்' தோன்றியது. தமிழ்ச் சொற்களாலேயே நிரல் எழுத 'எழில்' என்ற மொழி உருவானது. இவற்றில் எதுவும் அரசாணையால் பிறக்கவில்லை. அலுவலகம் முடிந்து வீடு திரும்பிய பின்னும், ஞாயிற்றுக்கிழமைகளிலும் உட்கார்ந்தவர்களால் பிறந்தவை.

நடை ஒழுங்கு ஏன் வேண்டும் என்பதைக் கணினி பயிலாத நண்பர்களுக்காகச் சற்று விரித்துரைப்பேன். தொண்டர் நிரலில் ஒரு திருத்தம் செய்தால், பொறுப்பாளர் முழு நிரலையும் மீண்டும் படிப்பதில்லை. பழையதற்கும் புதியதற்கும் உள்ள வேறுபாட்டை மட்டும் கணினி பிரித்துக் காட்டும். அவர் அதைப் படித்து ஏற்பார், அல்லது மறுப்பார். மூன்று வரியில் பிழை திருத்திய ஒருவர், அதே கையோடு கோப்பு முழுவதும் டேப்பை இடைவெளியாக மாற்றிவிட்டார் என்று வையுங்கள். இப்போது வேறுபாடு 800 வரிகளாகத் தெரியும். அந்த மூன்று வரி வைக்கோற்போரில் விழுந்த ஊசி. அதில் ஒன்று தவறாக இருந்தாலும் கண்ணில் படாது.

ஒழுங்கற்ற உள்தள்ளல் உண்மையிலேயே ஏமாற்றவும் செய்யும். 2014 பிப்ரவரியில் ஆப்பிள் நிறுவனத்தின் பாதுகாப்பு நிரலில் கண்ட பிழை உலகப்புகழ் பெற்றது. ஒரு நிபந்தனைக்குக் கீழே 'தோல்விக்குத் தாவு' என்று பொருள்படும் கட்டளை, அடுத்தடுத்து இரண்டு முறை வந்துவிட்டது. இரண்டாவது வரியும் முதல் வரியைப் போலவே உள்ளே தள்ளி நின்றதால், படிப்பவர் கண்ணுக்கு அதுவும் நிபந்தனைக்கு உட்பட்டதாகவே தோன்றிற்று. அடைப்புக்குறி இல்லாததால் கணினிக்கோ அது எப்போதும் செய்யவேண்டிய கட்டளையாகிவிட்டது. விளைவு, மறுமுனையில் இருப்பது உண்மையான வலைத்தளந்தானா என்று கையொப்பம் பார்க்கும் படியே தாண்டப்பட்டது. கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு வேறொன்று. அதன்பின் 2016-இல் ஜிசிசி என்ற புகழ்பெற்ற மொழிமாற்றியின் ஆறாம் பதிப்பு, இவ்வாறு ஏமாற்றும் உள்தள்ளலைக் கண்டால் எச்சரிக்கத் தொடங்கியது. ஆகவே நடை என்பது வெறும் கோலமன்று. அதில் உயிரான பொருள் இருக்கிறது என்பதை மறுப்பதற்கில்லை.

இவ்வளவையும் ஒப்புக்கொண்ட பிறகு என் குறையைச் சொல்கிறேன்.

என் வகுப்புத் தோழி ஒருத்தி, ஊர்ப்பெயர்களை அச்சிடும் கட்டற்ற மென்பொருள் ஒன்றில் ஒரு வழுவைக் கண்டாள். பெயருக்குப் பத்து எழுத்து இடம் என்று அந்த நிரலில் வரையறுத்திருந்தார்கள். 'சங்கரன்கோவில்' என்று கொடுத்தால் 'சங்கரன்கோவ' என்று வந்து நின்றது. நம் ஊர்ப்பெயரை விரல்விட்டு எண்ணிப்பாருங்கள்: எட்டே எழுத்துகள். ஆனால் கணினியின் ஒருங்குறிக் கணக்கில் அது 13. 'வி' என்பது நமக்கு ஓரெழுத்து. கணினிக்கு 'வ' ஒன்று, மேலே வளைந்த கொம்பு ஒன்று. 'ல்' என்பதில் 'ல' ஒன்று, புள்ளி ஒன்று. பத்தாவது குறியீட்டில் கத்தரி வைத்ததால், கொம்பும் இல்லாமல், 'ல்'லும் இல்லாமல் ஊர் முண்டமாகிவிட்டது. இது ஆங்கிலம் மட்டும் அறிந்தவர் எழுதிய நிரலில் நேரக்கூடியதுதான். தோழி இரண்டு இரவு உட்கார்ந்து, கொம்பையும் காலையும் புள்ளியையும் முந்தைய எழுத்தோடு சேர்த்தே எண்ணும்படி நிரலைத் திருத்தி அனுப்பினாள். அவள் வாழ்வில் வெளியுலகுக்கு அனுப்பிய முதல் நிரல் அது.

இரண்டு வாரம் கழித்து மறுமொழி வந்தது: டேப் கூடாது, நான்கு இடைவெளி வேண்டும். மாற்றி அனுப்பினாள். மறுபடி இரண்டு வாரம்: ஒரு வரி 79 எழுத்தைத் தாண்டிவிட்டது. வரியை ஒடித்து அனுப்பினாள். மூன்றாம் முறை: திருத்தத்துக்கு எழுதிய ஒரு வரிக் குறிப்பின் முதல் எழுத்து பெரிய எழுத்தாக இல்லை. திருத்தம் சரியா, தவறா, தமிழுக்கு இது தேவையா என்று மூன்று மறுமொழியிலும் ஒரு சொல் இல்லை. நான்காம் முறை அவள் அனுப்பவில்லை. நாங்கள் எவ்வளவோ சொல்லிப் பார்த்தோம். "என் தமிழ் அவர்களுக்கு வேண்டாம், என் இடைவெளிதான் வேண்டுமாம்" என்று சிரித்துவிட்டுப் போய்விட்டாள்.

அந்தப் பொறுப்பாளரை நான் பழிக்கவில்லை. அவரும் ஒரு தொண்டர்தான். அவர் கேட்டவை மூன்றும் எழுதி வைத்த விதிகள், நியாயமானவையுங்கூட. பைத்தான் மொழிக்கு 2001-இல் வகுத்த நடைக்கையேட்டில் நான்கு இடைவெளியும் 79 எழுத்தும் உள்ளனவே! ஆனால் ஒன்று கேட்கிறேன். டேப்பை இடைவெளியாக்க ஒரு பொத்தான் போதும். நீண்ட வரியை ஒடிக்க அரை நிமிடம் போதும். அதைத் தாமே செய்துகொண்டு, "உன் திருத்தம் சரி, சேர்த்துவிட்டேன், அடுத்த முறை இப்படி எழுது" என்று ஒரு வரி எழுதியிருந்தால் ஆறு வாரம் மிஞ்சியிருக்கும். ஒரு தொண்டரும் மிஞ்சியிருப்பார்.

இதோ, இந்த மலரையே எடுத்துக்கொள்ளுங்கள். மாணவர்கள் கொடுக்கும் கட்டுரைகளில் ஒருவர் 'ஐ' என்று எழுதுகிறார், மற்றொருவர் 'அய்' என்கிறார்; சிலர் ஒற்றை விழுங்குகின்றனர். மலர்க்குழுவிலுள்ள பேராசிரியர் எவரும் அதற்காகக் கட்டுரையைத் திருப்பிக் கொடுப்பதில்லை. மெய்ப்புப் பார்க்கும்போது சிவப்பு மையால் திருத்தி அச்சுக்கு அனுப்பிவிடுகிறார்கள். கட்டுரையில் சரக்கு இல்லையென்றால் திருப்பித் தருகிறார்கள், அது வேறு. எழுத்தை ஒழுங்குபடுத்துவது அச்சகத்தின் வேலை, எழுதுவது மாணவன் வேலை என்ற பிரிவினை அங்கே சொல்லாமலே விளங்கியிருக்கிறது.

தமிழ் எழுத்துச் சீர்திருத்தம் நடந்த விதமும் இதுவே. 1935-இல் பெரியார் தம் 'குடி அரசு' இதழில் ணா, றா, னா, லை, ளை போன்ற பதின்மூன்று எழுத்துகளைச் சீர்திருத்தி அச்சிடத் தொடங்கினார். ஏற்பட நாற்பது ஆண்டுகளுக்கு மேலாயிற்று. 1978-இல், அவருடைய நூற்றாண்டையொட்டி, எம்.ஜி.ஆர். அரசு ஆணை பிறப்பித்தது. அதன்பின் பாடநூல் மாறிற்று, அச்செழுத்து மாறிற்று. ஆனால் என் பாட்டி இன்றும் 'லை' எழுதும்போது யானைத் துதிக்கையைத் தூக்கித்தான் எழுதுகிறார். அவர் கையை யாரும் பிடித்துத் திருத்தவில்லை, திருத்தவும் தேவைப்படவில்லை. விதி விழுந்தது அச்சுக்கோப்பின் மேல், பாட்டியின் கை மேலன்று.

கணினித் துறையிலும் இந்த வழியைக் கண்டுகொண்டோர் உண்டு. 2009-இல் வெளிவந்த 'கோ' என்ற மொழியுடன் 'கோஃபம்ட்' என்றொரு கருவியும் வந்தது. நீங்கள் எப்படி எழுதிக்கொடுத்தாலும் அது ஒரே நடையில் அடுக்கிக் கொடுத்துவிடும். எனக்கு இரண்டு இடைவெளி பிடிக்கும், எனக்கு மூன்று பிடிக்கும் என்று கேட்க அதில் இடமே இல்லை. அது தரும் நடை யாருக்கும் முதல் விருப்பமன்று, ஆயினும் அந்தக் கருவியை எல்லோரும் விரும்புகின்றனர் என்ற பொருளில் அம்மொழியை உருவாக்கியவர்களுள் ஒருவரான ராப் பைக் கூறியிருக்கிறார். பைத்தானுக்கு 2018-இல் 'பிளாக்' என்ற கருவி இதே கொள்கையோடு வந்தது. விக்கிப்பீடியா ஓடும் மீடியாவிக்கி மென்பொருளுக்கு யாரேனும் திருத்தம் அனுப்பினால், மனிதர் பார்க்குமுன் இயந்திரமே நடையைச் சோதித்துக் குறை சொல்லிவிடுகிறது. மனிதன் இடைவெளி பற்றிக் கடிந்தால் மனம் புண்படுகிறது; அதையே இயந்திரம் சொன்னால் யாரும் வருந்துவதில்லை. எடை காட்டும் இயந்திரத்தோடு சண்டைக்குப் போனவர் உண்டோ?

தமிழ் விக்கிப்பீடியாவின் அனுபவம் இன்னும் சுவையானது. இங்கே விதி வேண்டியது இடைவெளிக்கன்று, எழுத்துக்கு. தமிழகத்தார் 'ரஷ்யா' என்று எழுதுவார். கிரந்தம் தவிர்ப்போர் 'உருசியா' என்பர். கனடாவின் பெருநகரை நாம் 'டொராண்டோ' என்போம். ஈழத்தவர் 'ரொறன்ரோ' என்பர். அந்தத் திட்டத்தைத் தொடக்கத்தில் தனியொருவராகத் தூக்கி நிறுத்திய இ. மயூரநாதன் ஈழத்தவர், பின்னர்த் தமிழகத்தார் பலர் வந்து சேர்ந்தனர். கடல் பிரித்த இரண்டு எழுத்து வழக்குகள் ஒரே பக்கத்தில் முட்டிக்கொண்டன. பேச்சுப் பக்கங்களில் நடந்த வாதங்கள் நீண்டவை, சில வேளை சூடானவை. ஆனால் மென்பொருளிலேயே ஒரு நல்ல ஏற்பாடு இருந்தது: வழிமாற்று. கட்டுரைக்குத் தலைப்பு ஒன்றுதான். ஆனால் மற்றப் பெயரைத் தட்டியவரும் அதே கட்டுரைக்கே வந்து சேர்வார். விதி ஒன்று, வாசல் இரண்டு! அதைவிட முக்கியமானது, அங்கே ஒருவர் எழுதியதை மற்றவர் திருப்பி அனுப்புவதில்லை. குறை கண்டவரே உட்கார்ந்து திருத்துகிறார். விதியை விரும்புகிறவர் எவரோ அவரே அதற்கான வேலையையும் செய்கிறார். மென்பொருள் திட்டங்கள் இதிலிருந்து கற்கவேண்டும் என்பது என் துணிபு.

எதிர்த்தரப்பிலும் நியாயம் உண்டு. எங்கள் ஆசிரியர் ஒருவரிடம் இதைச் சொன்னபோது அவர் கேட்டார்: "எழுதி வைத்த விதியைப் படிக்கவே பொறுமை இல்லாதவன், நாளை அந்த நிரலில் பிழை வந்தால் திருத்த இருப்பானா? பொறுப்பாளருக்கு ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம்?" சரியான கேள்வி. ஓப்பன் எஸ்எஸ்எல் என்ற மென்பொருள் உலகின் பெரும்பகுதி வலைத்தளங்களுக்குப் பூட்டாக இருந்தது. 2014 ஏப்ரலில் 'ஹார்ட்பிளீட்' என்ற பெரும் பிழை வெளியானபோதுதான், அதற்கு முழுநேரமாக உழைத்தவர் ஒரே ஒருவர் என்பதைக் கேட்டு உலகம் திகைத்தது. அப்படிப்பட்டவரிடம் போய், வருகிறவர் போகிறவர் இடைவெளியையெல்லாம் நீயே சரி செய் என்பது கொடுமைதான். அதனால்தான் இயந்திரத்தை வைக்கச் சொல்கிறேன். இயந்திரம் வைக்காமல், கண்ணாலும் கையாலும் விதியைக் காக்க நினைக்கும் திட்டத்தில்தான் பொறுப்பாளரும் களைக்கிறார், தொண்டரும் ஓடுகிறார். லினக்ஸில்கூட நடையைச் சோதிக்கும் கருவி நிரலோடு சேர்ந்தே வருகிறது. அது சொல்வதெல்லாம் வேதவாக்கன்று, ஆராய்ந்து கொள்க என்றும் அவர்களே எழுதி வைத்திருக்கின்றனர். 80 எழுத்தைத் தாண்டினால் எச்சரித்த அந்தக் கருவி, 2020-இலிருந்து 100 வரை பொறுத்துக்கொள்கிறது. திரைகள் அகன்றுவிட்டன, விதியும் கொஞ்சம் அகன்றது.

அதே ஓப்பன் எஸ்எஸ்எல் குழுவினர் 2015 தொடக்கத்தில் தங்கள் நிரல் முழுவதையும் புதிய நடையில் ஒரே மூச்சில் மாற்றியமைத்தனர். அவர்கள் நிலையில் அது தேவைப்பட்டது. ஆனால் எல்லோரும் இதைப் பார்த்துச் சூடுபோட்டுக்கொள்ளக் கூடாது. நிரலைக் காக்கும் 'கிட்' என்ற ஏற்பாட்டில், ஒவ்வொரு வரியையும் யார், எப்போது, எதற்காக எழுதினார் என்ற வரலாறு இருக்கிறது. முழுநிரலையும் ஒருவர் ஒரே நாளில் அழகுபடுத்தினால், அன்று முதல் எல்லா வரியின் மேலும் அவர் பெயரே நிற்கும். பழைய கோயில்களில் கல்வெட்டின் மேல் சுண்ணாம்பு அடித்துவிட்டு, சுவர் பளிச்சென்று இருக்கிறதே என்று மகிழ்வது போன்றது அது. யார் கொடுத்த நிலம், எந்த மன்னனின் எத்தனையாவது ஆட்சியாண்டு என்பதெல்லாம் வெள்ளைக்குள் போயிற்று. 2019-இல் வெளிவந்த கிட்டின் 2.23 பதிப்பு, இத்தகைய அழகுபடுத்தல்களை மட்டும் ஒதுக்கிவிட்டு வரலாற்றைப் படிக்க வழி செய்திருக்கிறது என்பது ஆறுதல். ஆயினும் நான் சொல்வேன்: தொட்ட கோப்பை மட்டும் திருத்துங்கள், தொடாத சுவருக்கு வெள்ளையடிக்க வேண்டாம்.

இயந்திரத்தால் ஆகாதது ஒன்று உண்டு. அதில்தான் மனிதர் கூடிப் பேசவேண்டும். அது பெயர் வைத்தல். தமிழ் தொடர்பான நிரல்களில் மாறிகளுக்கும் செயல்களுக்கும் பெரும்பாலும் ஆங்கில எழுத்தில்தான் தமிழ்ப்பெயர் வைக்கிறோம். 'எழுத்து' என்பதை ஒருவர் இசட்-எச் போட்டு எழுதுகிறார். இன்னொருவர் எல் போடுகிறார். மூன்றாமவர் தொடக்கத்தில் ஒரு ஒய் சேர்த்துக்கொள்கிறார். மூன்றும் கணினிக்கு மூன்று வெவ்வேறு பொருள். 'எழில்' மொழியின் பெயரில் ழகரத்துக்கு இசட்-எச். யாழ்ப்பாணத்தின் பெயரை ஆங்கிலத்தில் எழுதும் ஈழத்தவர் பலருக்கோ எல். 'நூலகம்' திட்டம் தன் ஆங்கிலப் பெயரில் ககரத்துக்கு எச் போடுகிறது. தமிழகத்தார் ஜி போட்டிருப்பர். இதில் எது சரி என்று எந்தக் கருவியும் தீர்ப்புக் கூறாது. பைத்தான் மூன்றாம் பதிப்பில் மாறிகளுக்குத் தமிழ் எழுத்திலேயே பெயர் வைக்கலாம் என்பது நம்மில் பலர் அறியாத செய்தி. தமிழ்ப்பாடப் பயிற்சிக்கு அதைப் பயன்படுத்தலாம் என்பேன். வெளிநாட்டார் கலந்துகொள்ளும் திட்டத்துக்கு அது ஒத்துவராது; பைத்தானின் சொந்த நூலகத்தில் ஆங்கில எழுத்துப் பெயர்களே இருக்கவேண்டும் என்பதும் விதியாகவே இருக்கிறது.

நம் கல்லூரிக்கு வருகிறேன். இரண்டாமாண்டு நண்பர்கள் மூவர் துறை நூலகத்தின் புத்தகப் பட்டியலுக்குப் பைத்தானில் ஒரு நிரல் எழுதி வருகின்றனர். யாரும் மதிப்பெண் தரவில்லை, தாமாகச் செய்கின்றனர். பார்த்தேன், நன்றாக இருக்கிறது. ஒருவர் டேப், ஒருவர் நான்கு இடைவெளி, ஒருவர் இரண்டு. கோப்புகள் தனித்தனியாக இருப்பதால் இதுவரை பைத்தான் கோபித்துக்கொள்ளவில்லை. அடுத்த ஆண்டு முதலாமாண்டு மாணவர்களும் அதில் சேரப்போகிறார்கள். அதற்குள் அந்தக் கோப்புகளைப் பிளாக் கருவியில் ஒருமுறை ஓட்டிவிட வேண்டும். வரலாறு இன்னும் குட்டையாக இருப்பதால் வெள்ளையடிக்க இதுவே நேரம். பிறகு யார் எதைச் சேர்த்தாலும் அந்தக் கருவி தானாக ஓடும்படி வைத்துவிடலாம். ஆய்வகக் கணினிகளில் அதற்கு அனுமதி தரும்படி துறையினரைக் கேட்டுக்கொள்கிறேன். முதலாமாண்டிலிருந்து வரும் முதல் திருத்தத்தில் வேறு ஏதேனும் நடைக்குறை இருந்தால், பார்க்கும் மூத்த மாணவர் தாமே சரிசெய்து சேர்த்துக்கொள்ள வேண்டும். திருப்பி அனுப்பக் கூடாது. இதை மட்டும் நாங்கள் சுவரில் எழுதி ஒட்டப்போகிறோம்.

பெயர் விதிதான் பாக்கி. ஆசிரியர் பெயர், நூற்பெயர் என்று அந்த நிரலில் தமிழ்ச்சொற்கள் நிறைய வருகின்றன. ழகரத்துக்கும் ளகரத்துக்கும் லகரத்துக்கும் என்ன எழுத்து என்று ஒரு மாலை உட்கார்ந்து முடிவு செய்யவேண்டும். தமிழ்த்துறை நண்பர்களும் வரலாம். நான் இசட்-எச் கட்சி என்பதை இப்போதே சொல்லிவைக்கிறேன்.